வீட்டுப் பட்டறையில் பட்டை ரம்பம்

டில்லி மாநகரில் மரவேலையை ஜீவனோபாயமாகக் கொள்ளாமல், அலுவலகம் போய் வந்த பிறகு கிடைக்கும் ஓய்வு நேரத்தில் அதை ஒரு கலையாகப் பயில்கிறவர்களை இப்போது பல பேட்டைகளிலும் காண முடிகிறது. டி.டி.ஏ. குடியிருப்புகளின் ஸ்கூட்டர் காரேஜிலும், கரோல் பாக், ராஜேந்திர நகர் முதலிய பழைய பகுதிகளில் மொட்டைமாடிமேல் நிற்கும் பர்ஸாத்தி அறையிலும், ஒரு வேலைமேசை, ஓர் இழைப்புளி, நாலைந்து உளிகள் என்று ஆரம்பமாகும் இந்த ஈடுபாடு, கீர்த்தி நகர் மரச்சந்தையில் வாங்கிய ஷீஷம் கட்டையைக் கைரம்பத்தால் அறுத்துத் தோள் நொந்துபோன ஒரு நாளில் யந்திரத்தை நாடுகிறது. அவ்வாறு நாடுகிறவர்களில் பலரைக் கவர்வது, பேண்ட் சா என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் பட்டை ரம்பம். அது சிறிய இடத்தில் அடங்கும். நேராகவும் வளைவாகவும் அறுக்கும். கனத்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்கும். வட்ட ரம்பத்தைப் போல அண்டை வீட்டாரை அலற வைப்பதும் இல்லை. இந்தக் குணங்கள் யாவும் மெய்யே. ஆயினும் அதைப் பத்திரமாகக் கையாளுவது எப்படி என்ற பிரச்னையை முழுமையாக ஆராயப் புகுந்தால், யந்திரத்தின் இயல்பு, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் இயல்பு, சட்டத்தின் எல்லை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியவரும். ரம்பம் ஓடும்போது நாம் காட்டும் ஜாக்கிரதையைவிட, அது நிற்கும்போது நாம் செய்து முடிக்கும் ஏற்பாடுகளே விரல்களைக் காக்கின்றன என்பதும் தெரியவரும்.

முனையே இல்லாத ஒரு ரம்பத்தை இரண்டு சக்கரங்களின்மேல் பூட்டி ஓட்டலாம் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-ஆம் ஆண்டிலேயே இத்தகைய யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் எஃகுப் பட்டையின் இரு நுனிகளையும் இணைத்த இடம் ஓயாத வளைவைத் தாங்காமல் விட்டுவிட்டபடியால், அந்த யந்திரம் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிரயோஜனப்படாமலே கிடந்தது. 1846-இல் பிரான்ஸ் தேசத்துப் பெண்மணியான ஆன் போலின் கிரெப்பேன் அந்த நுனிகளைப் பற்றவைக்கும் முறை ஒன்றைக் கண்டு உரிமைப் பத்திரம் பெற்றார். பாரிஸ் நகரத்து பெரேன் ஸ்தாபனம் அதை வாங்கி, நயமான எஃகோடு சேர்த்து, பட்டை ரம்பத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சரித்திரத்தை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்த யந்திரத்தின் பலவீனம் அன்று எங்கே இருந்ததோ அங்கேதான் இன்றும் இருக்கிறது. வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய எஃகு என்றைக்கேனும் ஒரு நாள் அறுந்தே தீரும், அந்த நாளுக்கு யந்திரமும் மனிதனும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

பட்டை ரம்பம் சாதுவானது என்ற அபிப்பிராயம் மரவேலைக்காரரிடையே பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. மேசை வட்ட ரம்பத்தில், வட்டத் தகட்டின் பின்புறப் பற்கள் கீழிருந்து மேலெழுந்து வருவதால், மரம் இறுகிப்போன கணத்தில் அதைத் தூக்கி, வேலை செய்கிறவரின் வயிற்றை நோக்கியே எறிந்துவிடும். அமெரிக்க நாட்டில் மேசை வட்ட ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பட்டை ரம்பத்திலோ பற்கள் எப்போதும் கீழ்நோக்கியே ஓடி, மரத்தை மேசையோடு அழுத்தி வைக்கின்றன. பலகை பறந்து வருவதில்லை. ஆனால், பயம் இல்லாத இடத்தில் கை தானாகவே பக்கத்தில் போகிறது. வட்ட ரம்பத்திடம் ஒரு முழம் விலகி நிற்கிறவரே பட்டை ரம்பத்திடம் இரண்டு அங்குலம் வரை விரலைக் கொண்டுபோகிறார்; மரத்தை அழுத்திக் கொடுக்கும் அதே பட்டை, விரலையும் மேசையோடு அழுத்தியே அறுக்கும். விரல் பட்ட நொடியிலேயே தகட்டை நிறுத்திவிடும் மின்னணுச் சாதனம் ஒன்றை ஸ்டீபன் காஸ் என்னும் அமெரிக்கர் 1999-இல் வட்ட ரம்பத்துக்காக வகுத்தார். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் சாதாரணப் பட்டை ரம்பங்களில் அத்தகைய காவல் கிடையாது.

வேகத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டுப் பட்டறைக்கு ஏற்றதென்று கருதப்படும் 14 அங்குலச் சக்கர யந்திரத்தில் பட்டை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி ஓடுகிறது; அதாவது வினாடிக்கு 15 மீட்டர். அங்குலத்துக்கு 4 பற்கள் உள்ள பட்டையானால், ஒரு வினாடிக்குள் ஒரே இடத்தைக் கடந்து போகும் பற்கள் 2,400. வலியை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்குக் கால் வினாடி போதும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் 600 பற்கள் தம் வேலையைச் செய்து முடித்திருக்கும். ஆகவே ஆபத்து நேர்ந்த பிறகு சுறுசுறுப்பைக் காட்டித் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை.

இந்தக் காரணத்தால், இந்த யந்திரத்தைப் பற்றிய எல்லா விதிகளிலும் தலையாயதாக நான் கருதுவது மேல் வழிகாட்டியின் உயரம். பட்டை இரு பக்கமும் அசையாமலும் பின்னே தள்ளப்படாமலும் இருக்கும் பொருட்டு, மேசைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றில் மேலே உள்ளதை அதன் காப்பு உறையோடு சேர்த்து ஏற்றி இறக்கலாம். அறுக்கப்போகும் மரத்தின் மேற்பரப்புக்கும் வழிகாட்டிக்கும் இடையே 3 முதல் 6 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கவேண்டும். அந்த அளவில் வைத்தால், வெளியே தெரியும் பட்டை முழுவதும் மரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விரல் தவறிப் போனாலும் முதலில் மோதுவது உறையின்மேல்தான். பட்டையும் ஆடாமல் நிற்பதால் கோடு பிசகாது. பாதுகாப்பும் வேலையின் செம்மையும் ஒரே திருகில் அடங்கியிருக்கும் இடம் இது. அப்படியிருந்தும் நடைமுறையில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. காலையில் 6 அங்குலக் கட்டையைப் பிளப்பதற்காக ஏற்றிய வழிகாட்டியை, மாலையில் அரை அங்குலப் பலகையை வளைவாக அறுக்கும்போது யாரும் இறக்குவதில்லை. ஐந்தரை அங்குல நீளத்துக்கு வெற்றுப் பற்கள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கின்றன. சத்தம் அதிகம் இல்லை, பட்டையும் அசையாமல் நிற்பதைப் போலவே தோற்றமளிக்கிறது. பென்சில் கோட்டில் ஆழ்ந்துபோன கண்ணுக்கு அது தென்படுவதே இல்லை. திருகைத் தளர்த்தி, இறக்கி, மீண்டும் இறுக்க அரை நிமிஷம் பிடிக்கும். அதைச் செய்யவேண்டிய சமயம், சுவிட்சைத் தொடுவதற்கு முன்பு.

கையை எங்கே வைப்பது என்பதும் ஓடத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியதே. பட்டை ஓடும் கோட்டுக்கு நேரெதிரே கட்டைவிரலை வைத்து மரத்தைத் தள்ளக்கூடாது. ஏனெனில் மரம் முடியும் தறுவாயில், அல்லது உள்ளே ஒரு வெடிப்போ மிருதுவான பகுதியோ எதிர்ப்பட்ட கணத்தில், தடை திடீரென்று நீங்கி, தள்ளிய வேகத்திலேயே கை முன்னே பாய்ந்துவிடும். கோட்டின் இரு பக்கங்களிலும் கைகளை வைத்து, கடைசி 3 அங்குலத்தை ஒரு தள்ளுகட்டையால் நகர்த்துவதே முறை. தீப்பெட்டி அளவுள்ள துண்டை விரல்நுனியில் பிடித்து அறுக்க நினைப்பதும் தவறு. அதைப் பெரிய கட்டை ஒன்றோடு பசையாலோ பிடிகருவியாலோ பொருத்தி, பெரிய கட்டையாகவே பாவித்து அறுக்கவேண்டும்.

உருண்டையான மரத்தைப் பற்றித் தனியே எச்சரிக்கவேண்டும். கிளைத்துண்டு, கட்டில் கால், கடைசலுக்கு வைத்திருக்கும் உருளை ஆகியவற்றைக் குறுக்கே அறுக்கும்போது, கீழ்நோக்கி ஓடும் பற்கள் அவற்றின் விளிம்பைக் கவ்வி, பிடித்திருக்கும் கையோடு சேர்த்து உருட்டி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பட்டையும் நெளிந்து கெடுகிறது. நடுவே கோணமாகப் பள்ளம் வெட்டிய ஒரு தாங்குகட்டையில் அதைக் கிடத்தி, பிடிகருவியால் அசையாமல் இறுக்கிய பிறகே அறுக்கலாம். டில்லியில் புயற்காற்றுக்குப் பிறகு தெருவோரங்களில் விழுந்து கிடக்கும் வேப்பங்கிளைகளையும் ஷீஷம் கிளைகளையும் வீட்டுக்கு எடுத்து வந்து கிண்ணம் கடைய விரும்புகிறவர்களுக்கு இந்த விதி மிகவும் அவசியம். அத்தகைய கட்டையில் ஆணியோ கம்பியோ புதைந்திருக்கிறதா என்று முதலில் தடவியும் தட்டியும் பரிசோதிப்பதும் அவசியமே.

வளைவுகளில் நேரும் அபாயத்துக்கு அவசரமே காரணம். கால் அங்குல அகலமுள்ள பட்டை சுமார் 5/8 அங்குல ஆரத்துக்குக் குறையாத வளைவை அறுக்கும். அரை அங்குலப் பட்டைக்குச் சுமார் 2½ அங்குல ஆரம் வேண்டும். அதற்கு மேலும் திருப்பினால் பட்டை முறுகிச் சக்கரத்தைவிட்டு இறங்குகிறது, அல்லது மரத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய மரத்தை யந்திரம் ஓடும்போதே பின்னுக்கு இழுப்பது பட்டையையே வெளியே இழுத்துப்போட்டுவிடும். நிறுத்தி, சக்கரங்கள் முழுதும் ஓய்ந்த பின், வெட்டுவாயில் ஒரு சிறிய ஆப்பைச் செருகி மரத்தை விடுவிக்கவேண்டும். ‘ஓய்ந்த பின்’ என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கனத்த சக்கரங்கள் வெகுநேரம் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும், அந்த மௌனத்தை நம்பி மேசைமேல் கிடக்கும் சிறு துண்டைக் கையால் தட்டிவிடப் போகிறவர்களும் காயப்படுகிறார்கள்.

பட்டை அறுந்துபோவதைப் பற்றி முன்னே குறிப்பிட்டேன். 14 அங்குல யந்திரத்தின் பட்டை சுமார் 93½ அங்குல நீளம் உள்ளது. மேற்சொன்ன வேகத்தில் அது வினாடிக்கு ஆறு முறைக்கு மேல் சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களின்மேல் இரண்டு தடவை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அப்படி வளைந்த தடவைகள் 40,000-க்கும் மேல். இந்தக் களைப்பால் பற்களின் அடிப்பள்ளத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. சக்கரம் சுற்றச் சுற்ற, சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கேட்குமானால், அது வெடிப்பு விட்ட இடமோ பற்றவைத்த இணைப்போ வழிகாட்டியில் மோதும் சத்தம்; உடனே நிறுத்திப் பட்டையைப் பார்க்கவேண்டும். அறுந்தே போய்விட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு விலகி நின்று, இரு சக்கரங்களும் நின்ற பிறகே கதவைத் திறக்கவேண்டும். சக்கரங்களின் கதவுகள் மூடியிருக்கும்வரை அறுந்த பட்டை பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். சுத்தம் செய்யச் சௌகரியம் என்று கதவைக் கழற்றி மூலையில் சாத்திவைத்துவிட்டு ஓட்டுகிறவர், யந்திரத்தில் இருந்த ஒரே கேடயத்தைத் தாமே களைந்துவிடுகிறார்.

இனி இடத்தின் இயல்புக்கு வருவோம். டில்லியின் ஜனவரிக் குளிர் 5 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடியது. பர்ஸாத்தி அறையிலும் காரேஜிலும் கணப்பு இருப்பதில்லை. சால்வையும் மஃப்ளரும் கம்பளிக் கையுறையும் அங்கே இயல்பான உடை. ஓடும் சக்கரத்துக்கும் பற்களுக்கும் முன்னே இவற்றைப்போல அபாயமானவை வேறில்லை. வெறும் விரலில் பல் பட்டால் காயத்தோடு போகலாம். கையுறையின் நூலைப் பல் கவ்வினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். உடம்போடு ஒட்டிய ஸ்வெட்டர், முழங்கைவரை மடித்த சட்டைக்கை, முடிந்து கட்டிய கூந்தல், கழற்றிவைத்த மோதிரம், இவைதான் இந்த யந்திரத்துக்கு ஏற்ற கோலம். குளிர் பொறுக்கவில்லையென்றால் அன்று வேலையை ஒத்திப்போடலாம். விறைத்த விரலுக்கு உணர்ச்சியும் குறைவு.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மின்வெட்டு முன்போல் அவ்வளவாக இல்லை என்றாலும், கோடையின் உச்சத்தில் அது இன்னும் வந்து போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், சாதாரணச் சுவிட்சு ‘போட்ட’ நிலையிலேயே இருந்துவிடுகிறது; பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் யந்திரம் தானாகவே புறப்படும். மின்சாரம் போன கணத்தில் தானே விழுந்துவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத வகைச் சுவிட்சு ஒன்று உண்டு. தொழிற்சாலை ஸ்டார்ட்டர்களில் இது வழக்கமாக இருப்பது. விலை மலிவான வீட்டு யந்திரங்களில் இல்லாவிட்டால் வாங்கிப் பொருத்திக்கொள்ளவேண்டும். 16 ஆம்பியர் மூன்று துளை இணைப்பு, மெய்யாகவே நிலத்தோடு சேரும் எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புச் சுவிட்சு ஆகியவை பழைய வீடுகளில் இருப்பதாக நினைத்துக்கொள்ளாமல் ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளவேண்டும். பட்டையை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசைமேல் வைக்கவேண்டும்.

மரத்தூளை உடனடியான அபாயமாக யாரும் எண்ணுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. ஷீஷம், ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. நவம்பர் மாதத்தில் வெளியே உள்ள புகைமூட்டத்துக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே மரம் அறுப்பது, ஒரு தூசியை விலக்க மற்றொரு தூசியைச் சுவாசிப்பதாகும். யந்திரத்தின் அடியில் தூள் உறிஞ்சியும், முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 முகமூடியும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது.

சட்டம் இதில் என்ன செய்கிறது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், அபாயமான யந்திர பாகங்களுக்கு உறுதியான வேலியிடவேண்டும் என்று கட்டளையிட்டது. 23-ஆம் பிரிவில், போதிய பயிற்சியில்லாத இளவயதினரை அபாயகரமான யந்திரங்களில் நிறுத்தக்கூடாது என்றது. ஆனால் மின்சக்தியோடு 10 பேராவது வேலை செய்யும் இடமே அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் புதிய தொகுப்புச் சட்டம் அந்த எல்லையை 20 பேராக உயர்த்திவிட்டது. 2007-இல் அறிவிக்கப்பட்ட டில்லியின் பெருந்திட்டமோ, குடியிருப்புப் பகுதிகளில் 5 பேரும் 5 கிலோவாட்டும் கொண்ட வீட்டுத் தொழில்களை அனுமதித்தது. ஆக, யந்திரம் வீட்டுக்குள் வர அனுமதி உண்டு, யந்திரத்தின் வேலியைச் சோதிக்கும் ஆய்வாளருக்கு அந்த வீட்டுக்குள் வர வேலை இல்லை.

அறுவை யந்திரங்களைப் பற்றி இந்த நாட்டில் மிகப் பெரிய வழக்கு நடந்ததும் டில்லியில்தான். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, நாட்டிலுள்ள மர ஆலைகளையெல்லாம் தொட்டது. தான் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் சம்மதமின்றி எந்த மாநிலமும் புதிய மர ஆலைக்கு இடங்கொடுக்கக்கூடாது என்று 2002 அக்டோபரில் நீதிமன்றம் ஆணையிட்டது. மரத்தைக் காக்க எழுந்த அந்த அக்கறை போற்றத்தக்கது. ரம்பத்தின் மறுபுறத்தில் இருக்கும் கையைக் குறித்தும் அதே அளவு அக்கறை எழவேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முன்னுதாரணமும் டில்லியிலேயே இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் கதிரடிக்கும் யந்திரங்கள் கைகளைப் பறித்ததன் விளைவாக 1983-இல் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேர் என்று பாராமல், யந்திரத்தைச் செய்கிறவரிடமும் விற்கிறவரிடமும் பொறுப்பைச் சுமத்தியதே அதன் சிறப்பு. ஆயினும் அது விவசாயத்துக்கும் கிராமத்துக்கும் உரிய யந்திரங்களோடு நின்றுவிட்டது. டில்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தினேஷ் மோகனும் அவருடைய சகாக்களும், வட இந்தியக் கிராமங்களில் தீவனம் வெட்டும் யந்திரத்தால் குழந்தைகள் விரலிழப்பதை ஆராய்ந்து, உபதேசத்தோடு நில்லாமல், யந்திரத்தின் அமைப்பையே மாற்றிக் காப்புகளைச் சேர்க்கும் வழியை வகுத்தார்கள். 2004-இல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. வீட்டுப் பட்டை ரம்பத்துக்கும் இதுவே சரியான பாதை. மேல் வழிகாட்டிக்கு உறை, மூடினாலன்றி ஓடாத சக்கரக் கதவு, மின்சாரம் போனால் விழுந்துவிடும் சுவிட்சு, இம்மூன்றும் இல்லாத யந்திரத்தை விற்கவே கூடாது என்று ஒரு விதி ஏற்பட வேண்டும்.

அத்தனையும் மீறிக் காயம் நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியதையும் முன்னரே அறிந்திருக்கவேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 112 எண்ணை அழைக்கவேண்டும். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்கவேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியிலோ தண்ணீரிலோ போட்டால் திசுக்கள் கெட்டுவிடும். ஜப்பானிய மருத்துவர்களான கோமாட்சுவும் தமாயும் 1965-இல் முழுவதும் துண்டான கட்டைவிரலை நுண்ணறுவையால் மீண்டும் பொருத்திக் காட்டியதிலிருந்து இந்தச் சிகிச்சை உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்பதை இன்றே விசாரித்து, யந்திரத்தின் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது உத்தமம்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. டில்லி வீடுகளில் சொந்தக்காரர் வாங்கிவைத்த யந்திரத்தைப் பல சமயம் ஓட்டுகிறவர், அலமாரி செய்யவோ கதவைச் சீர்படுத்தவோ தினக்கூலிக்கு வரும் தச்சர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதமும், ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீதமும், மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7 சதவீதமும் நஷ்டம் என்று கணக்கிட்டது. உளியைப் பிடித்துப் பிழைக்கிறவருக்கு அந்தக் கணக்கு ஒரு நாளும் ஒத்துவராது. வேலையை முடிக்கும் அவசரம் அவருக்கு, யந்திரத்தின் குணத்தை அறிந்த அனுபவம் நமக்கு. ஆகையால் அவர் காலையில் வந்து சேருவதற்கு முன்பே பட்டையைப் பரிசோதித்து, சக்கரக் கதவுகளை மூடி, தள்ளுகட்டையை மேசைமேல் எடுத்துவைத்து, அன்று அறுக்கவேண்டிய பலகையின் கனத்துக்கு வழிகாட்டியை இறக்கி வைக்கவேண்டியவர் வீட்டுக்காரரே. மரம் மாறும்போதெல்லாம் அதை மீண்டும் இறக்குமாறு தச்சரிடம் சொல்லி, முதல் வெட்டு முடியும்வரை கூடவே நிற்கவேண்டியவரும் அவரே.